மிலான் கமராக்களுக்கு ஒரு பூசை

இத்தாலியில் மிலான் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே நூறு வருசத்துக்கு முன்னால் கமரா செய்து விற்ற ஒரு கம்பெனி இருந்தது. இந்த இரண்டைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால் என் சீவியம் இன்னும் கொஞ்சம் நிம்மதியாகப் போயிருக்கும். ஆனால் எனக்குத் தெரியும். நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆசைப்பட்டுப் படித்ததில்லை. என்னைக் கட்டினவர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து வருசக்கணக்காக ஓதி ஓதி என் தலைக்குள் ஏற்றிவிட்டார்.

அந்தக் கதையை நானே சொல்லிவிடுகிறேன். அவரைச் சொல்ல விட்டால் பொழுது போய்விடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற நேரம் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து அந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் படம் எடுப்பதென்றால் முக்காலி வேண்டும், தலைக்கு மேல் போடக் கறுப்புத் துணி வேண்டும், எதிரே நிற்கிறவர் மூச்சுவிடாமல் நிற்கவேண்டும். இவர்கள் கையில் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போகக்கூடிய பெட்டி ஒன்றைச் செய்தார்கள். கடையில் விற்கிற ஒரு றாத்தல் பாண் ரொட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மரத்தில் செய்து கறுப்புத் தோல் ஒட்டியது. முன்னால் ஒரு சின்னக் கண், மேலே பிடித்துத் தூக்க ஒரு தோல் வார். சுருள் பிலிம் இன்னும் பரவாத காலம், அதனால் படம் விழுவது கண்ணாடித் தட்டில். மருந்து பூசிய தட்டுகளை மெல்லிய தகரச் சட்டங்களில் செருகிப் பெட்டிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி வைப்பார்கள். ஒரு படம் எடுத்ததும் பக்கத்தில் இருக்கிற பிடியைத் தள்ளினால் முன்னால் நிற்கிற தட்டு குப்புற விழும். பின்னால் இருக்கிற ஸ்பிறிங் அடுத்த தட்டை முன்னுக்குத் தள்ளும். தட்டு விழும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். வெறும் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து அந்த டக்கை அவர் எனக்கு எத்தனை தரம் கேட்க வைத்தார் என்பதற்குக் கணக்கில்லை.

விலையும் அதிகமில்லை, வேலையும் சுத்தம். இங்கிலாந்து, அமெரிக்கா வரைக்கும் அந்தப் பெட்டிகள் போயினவாம். பிறகு இரண்டு கண் வைத்த பெட்டி ஒன்று செய்தார்கள். அதில் எடுத்த படத்தை ஒரு கருவிக்குள் வைத்துப் பார்த்தால் ஆட்கள் படத்தை விட்டு எழும்பி நிற்பதுபோல் தெரியும். பிறகு தோல் துருத்தி வைத்து மடக்குகிற கமரா. பிறகு கோட்டுப் பைக்குள் வைக்கிற அளவுக்குச் சின்னது. இதற்குள் சுருள் பிலிம் வந்து உலகத்தை அள்ளிக்கொண்டு போனது. அமெரிக்காக்காரன் மலிவுப் பெட்டிகளை மூலை முடுக்கெல்லாம் இறைத்தான். இவர்களும் சுருள் பிலிம் போடுகிற பெட்டி செய்து பார்த்தார்கள், எடுபடவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. இந்த இடத்துக்கு வரும்போது என் புருசனுடைய குரல் இறங்கும். சொந்தத்துக்குள் ஒரு சாவு விழுந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். என் பெரியம்மா செத்தபோது அந்த முகத்தை நான் காணவில்லை.

தொடக்கத்தில் கமராவின் நெற்றியில் கூட்டாளிகள் இருவர் பெயரும் இருந்ததாம். கொஞ்சக் காலத்தில் ஒரு பெயர் காணாமல் போய்விட்டது. எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் அது ஒன்றுதான். ஒருநாள் கேட்டேன்.

"மற்ற மனிசன் எங்கை போட்டார்?"

"அது தெரியேல்லை."

"சண்டையோ? செத்துப் போனாரோ?"

"அது ஏன் உமக்கு? கேளும், இந்த மொடலிலை ஸ்பிறிங் வேறை மாதிரி."

ஆளைப் பற்றிக் கேட்டால் அவரிடம் பதில் இல்லை. ஸ்பிறிங்கைப் பற்றிக் கேட்டால் சோறு ஆறிப்போகும்.

நாங்கள் இருப்பது கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் என்கிற பகுதியில், இரண்டு அறை அப்பார்ட்மென்டில். நான் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒப்பரேசன் சாமான்கள் சுத்தம் செய்கிற பகுதியில் வேலை செய்கிறேன். கத்தரிக்கோல், கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்து, பொதி செய்து, கிருமி சாக அவிக்கிற மெசினுக்குள் வைக்கவேண்டும். அவருக்கு லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை. ஆற்றுக்குக் கீழால் மெட்ரோவில் போய் வருவார். ஒரே மகன். அவன் ஒட்டாவாவுக்குப் படிக்கப் போன கிழமையே அவனுடைய கட்டிலைச் சுற்றிப் பலகைத் தட்டு அடித்துக் கமராக்களை ஏற்றினார். பெடியன் விடுமுறைக்கு வந்தால் சோபாவில் படுக்கட்டும் என்றார். பெடியன் வருவதைக் குறைத்துக்கொண்டான்.

நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் இத்தாலியர்கள் நெருக்கமாக இருக்கிற தெருக்களில் கோடை காலத்தில் வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்கள். அப்படி ஒரு வாசலில்தான் முதல் பெட்டி அவருடைய கண்ணில் பட்டது. பிறகு இணையத்தில் தேடித் தேடி வாங்கினார். இத்தனை கமரா இருக்கிற வீட்டில் எங்களுடைய வெள்ளிவிழாக் கலியாண நாளுக்குப் படம் எடுத்தது மகனுடைய போன். அந்தப் பெட்டிகளில் ஒன்றாலும் அவர் ஒரு படம்கூட எடுத்ததில்லை. ஒருக்கால் கேட்டதற்கு, "இது படம் எடுக்கிற கமரா இல்லை" என்றார். அப்படியென்றால் அது என்ன என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பொக்கிசம் ஒன்று இருந்தது. அதைத் திறக்காமல் வாங்கி, திறக்காமலே கறுப்புத் துணியில் சுற்றிக் கீழ்த் தட்டில் வைத்திருந்தார். அதற்குள் கண்ணாடித் தட்டுகள் இருந்தன. படம் எடுக்கப்பட்ட தட்டுகள். எத்தனையாவது படம் என்று காட்டுகிற சின்ன வட்டம் பாதி வழியில் நின்றதை வைத்துக் கண்டுபிடித்தாராம். யாரோ ஒருத்தர் தெருவிலோ வீட்டிலோ நின்று எடுத்த படங்கள் மருந்தில் போட்டு எடுக்கப்படாமல் இருட்டுக்குள் அப்படியே கிடக்கின்றன என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். வெளிச்சம் பட்டால் அவ்வளவுதான், போய்விடும். சரி, மருந்தில் போட்டு எடுங்கோவன் என்றால், சரியான மருந்து வேண்டும், இருட்டறை வேண்டும், ஒருக்கால் பிழைவிட்டால் படம் போனதுதான் என்பார். இப்படியே வருசங்கள் போயின. படத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்கிற ஆசையைவிட, யாராக இருக்கும் என்று கதைக்கிற ஆசைதான் அவருக்கு அதிகம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் என் தங்கச்சி வந்தாள்.

அவள் எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. நான் கனடாவுக்கு வரும்போது அவள் கைக்குழந்தை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், எங்கள் நகரம் இருக்கிற தீவின் கடைசி நுனியில், விவசாயம் படிப்பிக்கிற வளாகத்தில் அவளுக்கு ஒரு வருசப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து போனில் சொன்னார்: "அக்கா வீட்டிலை இருந்தால்தான் படிப்பு. குமர்ப்பிள்ளையைத் தனிய விடேலாது. மாப்பிள்ளை முகம் சுளிச்சார் எண்டு என்ரை காதிலை விழுந்தால் அடுத்த பிளேனிலை திரும்பி வரவேணும்." திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார், வயது என் புருசனோடு சரி. அதைச் சொல்லி அவள் என்னோடு போனில் அழுதிருக்கிறாள். அவளுடைய படிப்பும், அந்தக் கிழட்டு மாப்பிள்ளையிடமிருந்து அவள் தப்புவதும் என் புருசனுடைய முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த முகத்தை நம்பி நான் ஒரு சாமானும் தொங்கவிட மாட்டேன்.

அவர் சம்மதித்தார். சம்மதித்த விதம் இப்படி: "இருக்கட்டும். ஆனால் அந்த அறையிலை ஒரு சாமானிலும் கை வைக்கப்படாது."

அவள் கமராக்களுக்கு நடுவில் மகனுடைய கட்டிலில் படுத்தாள். விடியப்புறம் எழும்பி மெட்ரோவும் பஸ்ஸுமாக மாறி மாறிப் போய் வந்தாள். என் புருசன் அவளோடு நேராகக் கதைப்பது குறைவு. "உம்மடை ஆள் சுடுதண்ணி முழுக்க முடிச்சுப் போட்டா" என்று என்னிடம் சொல்லுவார். "உம்மடை ஆளுக்குக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தத் தெரியாதோ" என்பார். அவளுக்கு அது கேட்கும். ஒவ்வொரு தரமும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். அத்தானுக்கு என்ன செய்தால் பிடிக்கும் என்று ஒருநாள் கேட்டாள். நான் இருபத்தைந்து வருசமாகத் தேடுகிறேன், கண்டுபிடித்தால் சொல்லு என்றேன்.

சரஸ்வதி பூசை அன்றைக்கு எனக்குக் காலை வேலை. அவளுக்கு வகுப்பில்லை. எங்கள் அப்பா ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பூசைக்கு முன்னால் கடையில் இருக்கிற, நட்டுத் திருகுகிற ஒவ்வொரு சாவியும், ஒவ்வொரு பம்பும் கழற்றி, துடைத்து, எண்ணெய் பூசின பிறகுதான் சந்தனப் பொட்டு வைக்கப்படும். ஊத்தைச் சாமானுக்குப் பொட்டு வைத்தால் அப்பா ஏசுவார். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, அத்தானுடைய கமராக்களைத் துடைத்துச் சுத்தமாக்கிச் சாமிக்கு முன்னால் அடுக்கினால் அத்தானுடைய மனம் குளிரும் என்று தோன்றியிருக்கிறது. கை வைக்கப்படாது என்று சொன்னது உண்மைதான். ஆனால் பூசைக்கென்று கை வைப்பதும் கை வைப்பதா? எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் யோசிப்போம்.

நான் பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். விறாந்தையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, எல்லாப் பெட்டிகளையும் வரிசையாக வைத்திருந்தாள். தோல் பளபளத்தது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். கண்ணாடிக் கண்ணில் படாமல் கவனமாகத்தான் வைத்திருந்தாள். துருத்திக் கமராவுக்கு ஒரு செவ்வந்திப் பூ. எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் பெட்டிகள் எனக்கு முதல்முதலாக வடிவாகத் தெரிந்தன.

பிறகு குசினிக்குள் போனேன். கோப்பைகள் காயவைக்கிற தட்டில், தேத்தண்ணிக் கப்புகளுக்குப் பக்கத்தில், கண்ணாடித் தட்டுகள் நின்றன.

"அக்கா, ஒரு பெட்டிக்குள்ளை இருந்த கண்ணாடியெல்லாம் ஒரே ஊத்தை" என்றாள் அவள். "தேய்க்கத் தேய்க்கப் போகேல்லை. பேந்து சவர்க்காரம் போட்டுக் கொதிதண்ணி விட்டன். பாலாடை மாதிரிக் கழண்டு வந்திட்டுது."

கதிரையை இழுத்து இருந்தேன். அது எந்தப் பெட்டி என்றும், அந்தப் பாலாடைதான் படம் பதிந்திருந்த மருந்து என்றும் சொன்னேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டே அடுப்படியோடு ஒட்டி நின்றாள். மிலான் பற்றியோ படங்களைப் பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப நான் திரும்பிப் போகவேணுமோ, அக்கா?"

"நீ வாயைத் திறக்காதை. நான்தான் செய்தனான்."

"நீங்களோ?"

"நான் ஆஸ்பத்திரியிலை நாள் முழுக்கக் கழுவிறவள். நான் சொன்னால் நம்புவார்."

அவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். விறாந்தையில் குனிந்து பெட்டிகளைப் பார்த்தார். கறுப்புத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கவேண்டும், நேரே குசினிக்கு வந்தார். ஒரு கண்ணாடியை எடுத்து யன்னலுக்கு நேரே பிடித்தார். அதற்குள்ளால் எதிர்க் கட்டிடத்தின் இரும்பு ஏணி தெளிவாகத் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"ஆர் செய்தது?"

"நான்தான். பூசைக்கெண்டு."

என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண்ணாடியைத் திரும்பப் பார்த்தார். பிறகு அதைத் தட்டில் வைத்துவிட்டு அவளிடம் சொன்னார்: "பிள்ளை, ஒரு தேத்தண்ணி போடும்."

அவர் அவளைப் பிள்ளை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அன்றோடு என்னுடன் கதைப்பதையும் நிறுத்தினார். அன்றைக்குச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தியது நானும் தங்கச்சியும் மட்டும்தான்.

ஏச்சுப் பேச்சு என்றால் நான் தாங்குவேன், திருப்பியும் குடுப்பேன். கதைக்காமல் இருப்பது வேறு வகை. ஒரே மேசையில் என் கைக்கெட்டிய தூரத்தில் இருந்துகொண்டு, "பிள்ளை, அக்காவிட்டைச் சொல்லும், நாளைக்கு விண்டர் டயர் போடக் கார் கொண்டுபோறன் எண்டு" என்பார். அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, அத்தான் நாளைக்கு டயர் போடப் போறாராம்" என்பாள். "உப்பில்லை எண்டு சொல்லும்." "அக்கா, உப்புக் காணாதாம்." உப்பு இருக்கிற போத்தல் அவருக்கு முன்னால்தான் நிற்கும். நான் அவளிடம், "கையை நீட்டி எடுக்கச் சொல்லு" என்பேன். அதை மட்டும் அவள் மொழிபெயர்க்க மாட்டாள்.

முதலில் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அவள் இருக்கிறாள், படிக்கிறாள், அப்பாவின் காதில் ஒன்றும் விழவில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது. அவளுக்கு என்மேல் ஒரு பட்சம் வரும், குற்ற உணர்ச்சியில் கொஞ்சம் தலை குனிந்து நடப்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன். பனி விழத் தொடங்கியபோது பார்த்தால், இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் அந்த அறைக்குள் இருந்து கமராவுக்கு மெழுகு பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பெனியின் கதையை அவர் அவளுக்கு முதலிலிருந்து சொன்னார். அவள், "பேந்து என்ன நடந்தது, அத்தான்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டிருக்கவும் மாட்டேன். அவளுக்குப் பிரெஞ்சும் வேகமாக வந்தது. பழைய பிரெஞ்சு விலைப்பட்டியல் பக்கங்களை அவருக்கு வாசித்து விளக்கம் சொன்னாள். இரண்டு கண் வைத்த பெட்டியை எப்படிப் பிடிப்பது, துருத்தியை எப்படி மடிப்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. குளிர் கூடின நாட்களில் அவர் அவளை மெட்ரோ வரைக்கும் காரில் கொண்டுபோய் விட்டார். நான் இருபத்தைந்து வருசமாக அதே பனிக்குள் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிறேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறாமை என்று நீங்கள் சொன்னால் அதற்கும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

தைப்பொங்கலுக்கு அவருடைய அலுவலகத்தில் வேலை செய்கிற தமிழர் ஒருவரும் மனைவியும் சாப்பிட வந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வழக்கமான உற்சவம் தொடங்கியது. இந்தமுறை சாமி தூக்கினது தங்கச்சி. மிலானில் இரண்டு பேர் தொடங்கியது, பெட்டி கைக்கு வந்தது, தட்டு குப்புற விழுவது எல்லாம் அவள் வாயால் வந்தன. நேரம் பார்த்து 'டக்' கூடத் தட்டிக் காட்டினாள். அவர் பக்கத்தில் இருந்து தலையாட்டினார். வந்த மனுசிக்கு எங்கேயோ கேள்விப்பட்ட ஞாபகம்.

"உள்ளுக்குப் படம் இருக்கிற பெட்டி ஒண்டு இருக்கெண்டு இவர் சொன்னவர். அதை எடுத்துப் பாத்தாச்சோ?"

நான் கத்தரிக்காய்க் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தேன். தங்கச்சி சிரித்தாள்.

"அதை ஏன் கேக்கிறியள். அக்காவுக்கு ஆஸ்பத்திரிப் பழக்கம். கண்ணிலை படுறதெல்லாம் கழுவ வேணும். கொதிதண்ணி விட்டுக் கழுவிப் போட்டா."

வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் புருசன் சிரிக்கவில்லை, தன்னுடைய சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழம்புச் சட்டியை அவளுடைய தலையில் கவிழ்க்கவேண்டும் போல் இருந்தது எனக்கு. ஆனால் அவளுடைய படிப்பு முடிய இன்னும் ஒரு தவணை இருந்தது. அவளுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அவர்கள் போனபிறகு குசினியில் வைத்து அவளைக் கேட்டேன். "ஏனடி அப்பிடிச் சொன்னனீ?"

அவள் கொஞ்சமும் பதறவில்லை. "நீங்கள்தானே அக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்? இப்ப நான் வேறை மாதிரிச் சொன்னால் நீங்கள் பொய் சொன்னது எண்டெல்லோ வரும்."

"சொல்லாமல் இருந்திருக்கலாமே."

"கேட்டவை. சும்மா இருந்தால் சந்தேகம் வரும். உங்களுக்காகத்தான் அக்கா."

எனக்காக. நான் அவளுக்குப் போட்டுக் குடுத்த பொய்யை அவள் உடம்புக்கு அளவாகத் தைத்து உடுத்துக்கொண்டு, அது எனக்காகத்தான் என்று என்னிடமே சொல்கிறாள். சட்டியைத் தேய்த்த தேய்ப்பில் அதன் பிடி கழன்றது.

கோடை வந்தது. அவள் நன்றாகப் பாஸ் பண்ணினாள். லொங்குய்யில் மண் பரிசோதிக்கிற ஓர் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. கூடப் படித்த பிள்ளை ஒன்றோடு அங்கேயே அப்பார்ட்மென்ட் எடுத்தாள். சொந்தமாகச் சம்பாதிக்கிறவளை அப்பாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கிழட்டு மாப்பிள்ளை வேறு இடத்தில் கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். யூலை முதலாம் திகதி, ஊரே கட்டிலையும் பிரிட்ஜையும் தூக்கிக்கொண்டு வீடு மாறுகிற அன்றைக்கு, அவளும் மாறினாள்.

வாசலில் வைத்து என் புருசன் அவளுக்குத் துருத்திக் கமராவைக் குடுத்தார். இருக்கிறவற்றுக்குள் நல்லது அதுதான். அவள் கண் கலங்கி வாங்கினாள். என்னைக் கட்டிப்பிடித்து, "போட்டு வாறன் அக்கா" என்றாள். வேறு ஏதாவது சொல்லுவாள் என்று அவளுடைய முகத்தைப் பார்த்தேன். லிப்ட் வந்துவிட்டது.

அவர் அவளைச் சாமான்களோடு காரில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பின்னேரம் திரும்பி வந்தார். நான் சாப்பாட்டு மேசையில் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். இனி யாரும் யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. அவர் சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு அந்தக் கண்ணாடியைக் கழுவினது நானில்லை. அவள்."

"தெரியும்" என்றார்.

ஒன்பது மாதத்துக்குப் பிறகு நேராக என்னிடம் சொன்ன முதல் சொல் அது.

"எப்பிடித் தெரியும்?"

"நீர் கழுவியிருந்தால் துடைச்சு வைச்சிருப்பீர். அதிலை முழுக்கத் தண்ணிப் பொட்டு. அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் என்னோடை கதைக்காமல் இருந்தனீங்கள்?"

அவர் யோசித்தார். ஸ்பிறிங் பற்றி யாராவது கேட்டால் பிழையில்லாமல் பதில் சொல்லவேண்டுமென்று எப்படி யோசிப்பாரோ, அப்படி நேர்மையாக யோசித்தார்.

"எனக்குக் கோவம். ஆரோடையாவது கோவிக்கத்தானே வேணும். அந்தப் பிள்ளையோடை கோவிச்சால் அது ஊருக்குப் போகவேணும். உம்மோடை கோவிச்சால் நீர் எங்கை போகப்போறீர்?"

குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு நல்ல ஏற்பாடாகப் பட்டிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அவரும் அவளைக் காப்பாற்றித்தான் இருக்கிறார். நானும் காப்பாற்றினேன். அவள் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டாள். மூன்று பேரும் காப்பாற்றிய அந்தக் காரியத்தில் ஒன்பது மாதம் ஊமையாக்கப்பட்டது நான் ஒருத்தி. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட உடனே வரவில்லை. இந்த மனிசன் என்னைச் சரியாக அளந்து வைத்திருக்கிறார் என்பதுதான் முதலில் வந்தது.

"சோறு இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. போட்டுக் குடுத்தேன். அவர் சாப்பிடத் தொடங்கியதும் மகனுடைய அறைக்குள் போனேன். தட்டுகளில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வீட்டுக்குள் இருக்கிற ஒடுங்கிய நடையில் சுவரோடு அடுக்கினேன். ஒன்றையும் எறியவில்லை, ஒன்றையும் உடைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சாமானைப் போலக் கவனமாகத்தான் வைத்தேன். முடிந்ததும் எங்கள் அறையில் இருந்து என் தலையணை, போர்வை, உடுப்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து மகனுடைய கட்டிலில் போட்டேன். அவர் சோற்றுக் கையோடு எழும்பி வந்து கமராக்களுக்கு நடுவில் நின்றார்.

"என்ன செய்யிறீர்?"

"கோவிச்சுக்கொண்டு போறன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இன்றைக்கும் நான் அங்கேதான் படுக்கிறேன். மகன் வந்தால் ஒரு மெத்தையை விரித்து என்னோடு அங்கேயே படுப்பான், வருவதும் கூடியிருக்கிறது. நடையில் கால் தடக்குகிறது என்று கமராக்களை அவர் கொஞ்ச நாளில் உள்ளே எடுத்துவிட்டார். எங்கள் பெரிய கட்டிலில் நான் படுத்த பக்கத்தில், ஒரு துவாய்த் துணியை விரித்து, அதில்தான் அடுக்கி வைத்திருக்கிறார்.